நாலு பேர் கேட்ட ஒரே பூ

பூசாரியின் தட்டில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி. பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டியவை. ஒன்றில் வெள்ளை அரளி. இன்னொன்றில் சிவப்பு அரளி. எதில் எது என்று பூசாரிக்கே தெரியாது. கண்ணை மூடிக் குலுக்கித்தான் வைத்தார்.

“நெனச்சுக்கிட்டீங்ளா?” என்றார்.

நாங்கள் நாலு பேர். நான், என் சம்சாரம் சரசு, மகள் கோமதி, சரசுவின் அண்ணன் ராமசாமி மச்சான். நாலு பேரும் தலையை ஆட்டினோம்.

போன வாரம் வரைக்கும் இந்தப் பக்கத்தில் பஸ் கதையாகவே எழுதினேன். மழை, பிரேக், கண்டக்டர் சண்டை. இந்த வாரம் பஸ் இல்லை. ஸ்டியரிங் உண்டு.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிணறு வெட்டுவதா, பெண் கொடுப்பதா, வாசலை எந்தப் பக்கம் வைப்பது, எதுவானாலும் குலசாமியிடம் போய்க் கேட்போம். கேள்வியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனசுக்குள் நினைக்க வேண்டும். சின்னக் குழந்தை ஒன்று பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். மறுபடி கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி.

அன்றைக்கு நாங்கள் கேட்கப் போனது, கோமதி மேல்படிப்புக்கு எந்த தேசம் போவது என்று.

அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனோம்.

பானெட் மேல் சாக்கு

கோமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. மெக்கானிக்கல் என்ஜினியர். அவள் வகுப்பில் அறுபது பேருக்கு மேல் பையன்கள், பெண்கள் மூன்றே பேர். ஏன் அதில் சேர்ந்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். அங்கிருந்து கரூர் போகும் தனியார் பஸ் ஓட்டினேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அவளையும் ஏற்றிக்கொள்வேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் என்ஜின் பானெட். அதன் மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்கார வைப்பேன். கீழே சூடு, மேலே டீசல் வாசம். பல்லடம் வந்தால் ஏறுகிற பெண்களின் மல்லிகை வாசம். அவள் ஜன்னலைப் பார்க்க மாட்டாள். என் காலைப் பார்ப்பாள்.

“அப்பா, கியர் போட ஏன் ரெண்டு தடவ கிளச்ச மிதிக்கறீங்க?”

“மிதிக்காட்டிக் கத்தும்.”

“ஏன் கத்தும்?”

“தெரியாது கண்ணு.”

எனக்கு நிஜமாகவே தெரியாது. நான் படித்தது நாலாவது. பெரியவர் ஒருத்தர் மிதிக்கச் சொன்னார், மிதித்தேன். தெரிந்த மாதிரி எதையாவது சொல்லியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள். தெரியாது என்று சொன்னதால் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

காலேஜ் முடித்து ஒரு கியர் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாள். சாயங்காலம் வரும்போது கையில், இரும்பு வெட்டும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாசம் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. சரசு திட்டுவாள். எனக்கு அந்த வாசம் பிடிக்கும். வீட்டில் இன்னொரு டிரைவர் இருக்கிற மாதிரி.

இரண்டு கடிதாசி

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. யார் எதைப் படித்தாலும் கடைசியில் கம்ப்யூட்டருக்குத்தான் போனார்கள். கோமதி பரீட்சை எல்லாம் எழுதி வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு இடத்தில் கிடைத்தது.

ஒன்று அமெரிக்கா. கம்ப்யூட்டரில் மெஷின் வரைகிற படிப்பு. உதவித்தொகை உண்டு. ராமசாமி மச்சானின் மகன் செந்தில் வேலை பார்க்கிற ஊருக்குப் பக்கம்.

இன்னொன்று ஜெர்மனி. அங்கே இங்கிலீஷில் படிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். பீஸ் கிடையாது. மெஷின் செய்கிற மெஷினைப் பற்றிய படிப்பு. பாதி நாள் பாடம், பாதி நாள் பட்டறை. கியருக்கு என்றே தனியாக ஒரு கூடம் இருக்கிறது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

பணத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அது வேறு கதை.

ராமசாமி மச்சானுக்குச் சோமனூரில் தறி. நல்ல மனுஷன். கோமதி காது குத்தும்போது அவர் மடியில்தான் உட்கார்ந்தாள். தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் சும்மா இல்லை. அவர் வார்த்தைக்கு வீட்டில் ஒரு நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார்.

“ஜெர்மனீல நமக்கு யாரு இருக்கறா? ஒரு தலவலின்னா சுக்குத்தண்ணி வெச்சுக் குடுக்க ஆளுண்டா? அமெரிக்கான்னா செந்திலு இருக்கறான். ரெண்டு வருசம் படிக்கட்டும். பொறவு அங்கயே கல்யாணத்த வெச்சுக்கலாம். முறை முறைதானுங்க மாப்ள.”

“மாமா, செந்திலு மச்சாங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்ளா?” என்றாள் கோமதி.

“அவன என்ன கேக்கறது? அவனுக்கும் சேத்து நாந்தான் கேக்கறேன்.”

சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பில்லை. படிப்பைத் தேர்ந்தெடுத்தால் மாப்பிள்ளையையும் தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடும். அது நாலு பேருக்கும் தெரியும்.

அமெரிக்காவுக்குப் பதில் போட நாள் இருந்தது. ஜெர்மனிக்கு இல்லை. படிக்க வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு அந்த வெள்ளிக்கிழமைக்குள் பேக்ஸ் அனுப்ப வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு ஆபீஸைப் பூட்டிவிடுவார்களாம். நம் கணக்குக்கு மூன்றரை மணி. விட்டால் சீட்டு அடுத்த ஆளுக்கு.

பேச்சு முடியவில்லை. கடைசியில் மச்சான்தான் சொன்னார்: “சரி, சாமியையே கேட்டுப்போடலாம். என்ன சொல்லுதோ அதுக்கு நானும் கட்டுப்படறேன்.”

“நானுங்க மாமா,” என்றாள் கோமதி. சாமி விஷயத்தில் அவள் அப்படி ஒன்றும் அழுத்தமில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னாள்.

நான் நினைத்தது

குலசாமி கோயில் பெருந்துறைக்கு வடக்கே. வெள்ளிக்கிழமை காலையிலேயே மச்சானின் அம்பாசிடரில் கிளம்பினோம். நான் இருக்கும்போது வேறு டிரைவர் எதற்கு? நான்தான் ஓட்டினேன். பேக்ஸ் அனுப்ப வேண்டிய தாளைக் கோமதி கையெழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் மடியிலேயே வைத்திருந்தாள். வெள்ளை வந்தால் அனுப்பலாம், இல்லாவிட்டால் கிழிக்கலாம் என்று கிளம்புமுன் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பூசாரி வரத் தாமதம். அபிஷேகம், அலங்காரம் எல்லாம் முடிய உச்சி நேரம் ஆகிவிட்டது. கல்தரை காலைச் சுட்டது.

“யாரு கேக்கறது?” என்று கேட்டார்.

வழக்கமாக ஒருத்தர்தான் கேட்பார். மச்சான் முந்திக்கொண்டார். “எல்லாருந்தாங்க. ஒரே காரியந்தானே.”

பூசாரி ஒரு மாதிரி பார்த்தார். பொட்டலங்களைக் குலுக்கித் தட்டில் வைத்தார்.

கண்ணை மூடினேன். கோமதி ஜெர்மனி போகலாமா என்றுதான் நினைக்க வேண்டும். காரில் வரும்போதே அந்த வார்த்தையை மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். கண்ணை மூடியதும் அது வரவில்லை. பானெட் மேல் போட்ட சாக்குதான் வந்தது.

‘இவள் எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்தால் நல்லதா?’

இதைத்தான் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் கேட்டது எனக்கே தெரிந்தது. திருத்த நேரமில்லை. பூசாரியின் பேத்தி தட்டில் கை வைத்துவிட்டாள்.

நாரை அவிழ்த்தார். இலையைப் பிரித்தார்.

வெள்ளை.

“ஆத்தா!” என்று சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மச்சான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். கோமதி தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். நான் செருப்பைத் தேடினேன்.

அவிநாசி

“சாப்புட்டுப் போலாமுங்க மாப்ள,” என்றார் மச்சான்.

“நேரமில்லீங்க.”

பின்சீட்டில் அம்மாவும் மகளும். முன்னால் மச்சான். பெருமாநல்லூர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. ஆனால் மூன்று பேரின் மூச்சும் லேசாக இருந்தது. கோமதி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாட்டோ என்னவோ. எனக்கு மட்டும் ஸ்டியரிங் கனத்தது.

அவிநாசி கோபுரம் தெரிந்தது. மச்சான் கடை வரிசையைப் பார்த்துக் கை நீட்டினார்.

“அங்க போன் பூத்து இருக்குது. சித்த நிறுத்துங்க. செந்திலுக்குச் சொல்லிப்போடறேன்.”

“அங்க இப்ப ராத்திரீங்க மாமா,” என்றாள் கோமதி.

“எழுப்பறேன். அமெரிக்காவுக்கு வெள்ளை வந்துருச்சுன்னா தூக்கம் கெட்டாப் பரவால்ல.”

“அமெரிக்காவுக்கா?”

“பின்ன?”

“நான் ஜெர்மனிய நெனச்சுத்தானுங்க கேட்டேன்.”

மச்சான் உடம்போடு திரும்பினார். “நான் அமெரிக்காவ நெனச்சேனே!”

அப்படியே சரசு பக்கம் பார்வையைத் திருப்பினார்.

“சரசு, நீ என்னத்த நெனச்ச?” என்றார் மச்சான்.

“நானா? எங்க போனாலும் நல்லபடியாத் திரும்பி வருவாளான்னு கேட்டேனுங்கண்ணா.”

“உன்னய ஆரு அதக் கேக்கச் சொன்னா?”

“பெத்தவ வேற என்னத்தக் கேப்பா?”

மச்சான் தலையில் கை வைத்தார். “வண்டியத் திருப்புங்க மாப்ள. திரும்பப் போயி ஒழுங்காக் கேக்கலாம்.”

“ஒரு நாளைக்கி ஒரு தடவதானுங்கண்ணா,” என்றாள் சரசு.

“அப்ப அடுத்த வெள்ளிக்கெழம கேக்கலாம்.”

“அடுத்த வெள்ளி வரைக்கும் ஜெர்மனிக்காரன் பூ வெச்சுட்டா ஒக்காந்திருப்பான்?” என்றாள் கோமதி.

நான் நிறுத்தவில்லை. திருப்பவும் இல்லை. போன் பூத்து பின்னால் போய்விட்டது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன்.

நீலாம்பூர் வரைக்கும் சண்டை. யாருக்கு வந்த வெள்ளை என்று. தாய்மாமன் கேட்டதுதான் கணக்கு என்றார் மச்சான். படிக்கப் போவது நான் என்றாள் கோமதி. படிப்பு கியருக்கு, வாழ்க்கை மனுஷனுக்கு என்றார் அவர். ஸ்பேனர் பிடிக்கிற கையில் மருதாணி எப்படி வைப்பது என்றார். அவள் அழுதுவிட்டாள். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளை அழவைத்துப் பழக்கமில்லாதவர்.

அப்போது சரசு என்னைக் காட்டிச் சொன்னாள்: “அண்ணா, சண்டை எதுக்குங்க? அது இவிய சாமி. நம்ம பொறந்த ஊட்டுச் சாமி வேற. நான் தாலி வாங்கிட்டு வந்தவ. நீங்க விருந்தாளி. இவிய கேட்டதுதான் கணக்கு.”

மச்சான் யோசித்தார். ஞாயம்தான். எங்கள் பக்கத்தில் அதை மறுத்துப் பேச முடியாது. குலசாமி என்பது ஆண்வழி.

“அப்பிடீன்னா சொல்லுங்க மாப்ள. நீங்க என்ன நெனச்சீங்க?”

கேட்டு சாத்தியிருந்தது

அவிநாசி ரோட்டை விட்டுச் சிங்காநல்லூர்ப் பக்கம் திரும்பினேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. முன்னால் ஒரு லாரி. என்ஜினை அணைத்தேன். கார் கொதித்தது. வெளியே ஒரு ஆள் வெள்ளரிக்காயை நறுக்கி உப்புமிளகாய் தடவி விற்றுக்கொண்டிருந்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

கண்ணாடியில் கோமதி தெரிந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அப்பா ஜெர்மனியைத்தான் கேட்டிருப்பார் என்ற நம்பிக்கை. ஒரே வார்த்தை. சொன்னால் முடிந்தது. மச்சான் கட்டுப்படுவார்.

சாமி பேரில் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

“இங்கயே இருந்தா நல்லதான்னு கேட்டேன்.”

“எங்க இருந்தா?” என்றார் மச்சான்.

“இங்கதானுங்க. ஊட்டுல.”

“வெள்ளையா வந்துச்சு!”

“ஆமாங்க.”

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் சீட்டில் சாய்ந்தார். அவருக்கும் அடி விழுந்துவிட்டது. அமெரிக்காவும் போயிற்று.

சரக்கு ரயில் வந்தது. நீளமான ரயில். பெட்டி போய்க்கொண்டே இருந்தது. கோமதி பிளாஸ்டிக் உறையை இரண்டாக மடித்தாள். மடிக்கிற சத்தம் ரயில் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

“அப்ப நான் போகலீங்கப்பா,” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். கடையில் ஒரு சாமான் இல்லை என்றால் சரி என்போமே, அப்படி.

ரயில் போய்விட்டது. முன்னால் நின்ற லாரி ஸ்டார்ட் ஆனது. நானும் சாவியைத் திருகினேன்.

“நீ கேட்டதுக்கு என்ன பூ அம்மணி வந்துச்சு?” என்று கோமதியைக் கேட்டேன்.

“வெள்ளைதானுங்க.”

“அப்பறம் என்ன? காயிதத்த மடிக்காத. மெஷின்ல மாட்டிக்கும்.”

“மாப்ள,” என்றார் மச்சான். குரலில் நிஜமான பயம். “வேண்டாமுங்க. சாமி வாக்க மீறப்படாது. உங்களுக்குன்னு சொல்லியிருக்குது.”

“என்ற சாமிதானுங்க. நான் பேசிக்கறேன்.”

கேட் தூக்கினார்கள்.

காதர் பாய் கடை

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் காதர் பாய் கடை. போன், ஜெராக்ஸ், பேக்ஸ் எல்லாம் உண்டு. காலையில் டூட்டிக்குப் போகுமுன் அவர் கடை வாசலில்தான் டீ குடிப்பேன். மச்சான் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். வெயிலில்.

“எங்கீங்க டிரைவரே, ஜெர்மனியா?” என்றார் பாய். “நேத்துத்தான் ஒருத்தர் அனுப்பினாரு. அரை மணி நேரம் இழுத்துச்சு.”

“அரை மணி இல்லீங்க பாய்.”

முகத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவரிடம், “சித்த இருங்கண்ணா, புள்ளைக்கு அவசரம்,” என்றார்.

கோமதி மடிப்பைத் தொடையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினாள். பாய் நம்பரை அழுத்தினார். என்கேஜ்டு. மறுபடி அழுத்தினார். என்கேஜ்டு. மூன்றாவது தடவை மணி போனது, யாரோ எடுத்து ஏதோ பேசினார்கள், கட்டாகிவிட்டது. கோமதி நகத்தைக் கடித்தாள். சரசு ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று குலசாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே சாமியிடம்தான். எந்தக் கணக்கில் கேட்டாளோ.

சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் மட்டும் வண்டி வேகமாகப் போய்விடாது. அது ரோட்டில் படித்த பாடம்.

அடுத்த தடவை மெஷின் நீளமாகக் கத்தியது. தாளை மெல்ல உள்ளே இழுத்தது. மடித்த இடம் வந்ததும் நின்றது. பாய் விரலால் லேசாக அழுத்தினார். மறுபடி இழுத்தது. அந்தப் பக்கம் வெளியே வந்து விழுந்தது. கூடவே ஒரு சின்னச் சீட்டு.

“போச்சுங்ளா பாய்?”

கேட்டது நானில்லை. மச்சான். எப்போது இறங்கி வந்தாரென்று தெரியவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை நனைந்திருந்தது.

“போயிருச்சுங்க.”

மச்சான் கோமதியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்த ஊருல குளுரு சாஸ்தின்னு சொல்றாங்க,” என்றார். “நல்ல கம்பளியா எடுக்கோணும். கோயமுத்தூருல கெடைக்கறதெல்லாம் ஆவாது. ஊட்டிக்குப் போயி எடுத்துட்டு வாரேன்.”

சொல்லிவிட்டு டீ சொன்னார். எல்லோருக்கும். பாய்க்கும்.

பேசியது

அடுத்த வெள்ளிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போனேன். பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

போய் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எனக்கு மனுஷர்களிடமே பேச வராது. கற்பூரம் எரிந்து முடிகிற வரை நின்றேன்.

ஒன்று மட்டும் தோன்றியது. சாமி சொன்னதில் தப்பில்லை. இங்கேயே இருந்தால் நல்லதா என்றுதான் கேட்டேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டவனுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். எனக்கு.

பூசாரி அடையாளம் கண்டுகொண்டார். “ஏனுங்க, மறுபடி பூக் கேக்கறீங்ளா?”

“வேண்டாமுங்க. வண்டிக்கு நேரமாச்சு.”

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். கோமதி வாசலில் ஜெர்மன் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

“கியருக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டேன்.

சொன்னாள். திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தது. அவள் சிரித்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.